இரண்டாங்கட்டுச் சைக்கஸ்

ஒக்கூர் ரோட்டில் நம் நர்சரி இருக்கிற இடம் முன்பு வெறும் கருவேலங்காடு. சரளை மண். அதில் ரோஜாவும் குரோட்டனும் வளர்த்துக் காட்டுகிறேன் என்று நான் சொன்னபோது சிரிக்காத ஆள் இல்லை. வளர்த்துக் காட்டினேன். இரவல் வாங்கிய கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு, சைக்கிள் மிதித்து வீடு வீடாகப் போய் "செடியில பூச்சி இருக்கா?" என்று கேட்டு ஆரம்பித்த தொழில் இது. இன்றைக்கு நம் பெயர் எழுதிய வேன்கள் ஓடுகின்றன. கானாடுகாத்தானில் ஹோட்டலாக மாறிய பெரிய வீடுகளில் பாதிக்கு மேல் நம் ஆட்கள்தான் தோட்டம் பார்க்கிறார்கள். பூட்டிக் கிடக்கிற வீடுகளின் சாவியும் நம்மிடம் இருக்கிறது. சொந்தப் பங்காளியை நம்பாதவர்கள் என்னை நம்பிக் கொடுத்த சாவிகள் அவை. இளையாத்தங்குடிப் பக்கம் ஒரு நந்தவனத்தில் அரளி வரிசை முழுக்க அசுவினி மொய்த்து, பூ விடாமல் நின்றதை நான்தான் மீட்டுக் கொடுத்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மருந்து டப்பாவில் இருக்கிற இங்கிலீஷ் எனக்கு இன்றைக்கும் வாசிக்க வராது. விஷத்தின் வேகத்தைக் காட்ட அதில் போட்டிருக்கும் முக்கோணத்தின் நிறத்தைப் பார்த்தே இத்தனை காலம் தொழில் செய்தேன். என்னிடம் வேலை பார்த்த ஒரு ஆளைக்கூட மருந்து வேகத்தால் ஆஸ்பத்திரியில் படுக்க விட்டதில்லை.

இதையெல்லாம் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். என்னைப் பார்த்தால் நர்சரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவன் என்று நினைப்பீர்கள். கம்பெனியை இப்போது நடத்துகிற என் மருமகன், "மாமா, புதுப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றார். எந்த மருந்து, எவ்வளவு தண்ணீர் என்பதை அவர் சொல்லித் தருவார். நான் ஒரே ஒரு செடியைப் பற்றி எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

கானாடுகாத்தானில் ஒரு வீடு. எந்த வீடு என்பது வேண்டாம். முன்கட்டு ஒரு பங்காளியுடையது. அவர் அதை ஹோட்டலுக்கு விட்டுவிட்டார். பின்கட்டு இன்னொரு பங்காளியின் பாகம். அதில் எண்பதைத் தாண்டிய ஆச்சி ஒருவர், சமையலுக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இரண்டாங்கட்டு முற்றம் பொது. அந்த முற்றத்தில், ஆச்சியின் அறை வாசலுக்கு நேர் எதிரே ஒரு சைக்கஸ் நின்றது.

சைக்கஸைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பார்க்க ஈச்சமரத்தின் குட்டி மாதிரி இருக்கும், ஆனால் ஈச்சை இல்லை. மெதுவாக வளரும். வருஷம் பூராவும் இலை விடாது. ஒரு சமயத்தில் நடுவிலிருந்து அத்தனை குருத்தும் மொத்தமாகக் கிளம்பும். சில நாட்களில் விரிந்து மட்டையாகிவிடும். அதோடு அந்த வருஷத்துக்குச் சரி.

அந்தச் செடியை ஆச்சியின் ஒரே மகன் கொண்டுவந்தார். கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தபோது, விடுமுறைக்கு வருகையில் தேங்காய் அளவு கிழங்கைத் துணிப்பையில் போட்டு எடுத்துவந்து, தானே குழி தோண்டி நட்டாராம். படிப்பு முடிகிற சமயத்தில் திருமயம் ரோட்டில் லாரி மோதி இறந்துபோனார். கல்யாணம் ஆகவில்லை. நான் அந்த வீட்டு வேலையை எடுத்தபோது தண்டு என் நெஞ்சு உயரத்துக்கு வந்திருந்தது.

குருத்து கிளம்புகிற அன்றைக்கு ஆச்சி கவுனி அரிசி செய்வார். தேங்காயும் சர்க்கரையும் போட்டு, வேலைக்கு வந்தவர்கள், ஹோட்டலில் பெட்டி தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவார். முதல் வருஷம் எனக்குக் காரணம் தெரியவில்லை. வீட்டில் விசேஷமா என்று கேட்டேன்.

"மத்தவுக வீட்டுப் பிள்ளைகள்லாம் சிங்கப்பூர், அமெரிக்கான்னு இருந்துக்கிட்டு வருசத்துக்கு ஒருக்கா வாராக. எம் மகனும் அப்புடித்தான். இன்னைக்கு வந்திருக்கான், சாப்புடுய்யா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கிண்ணத்தை வாங்கிய எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

சைக்கஸ் குருத்துக்கு ஒரு எதிரி உண்டு. கட்டைவிரல் நகம் அளவு ஊதா வண்ணத்துப்பூச்சி. குருத்து இளசாக இருக்கிற அந்தச் சில நாட்களைச் சரியாகக் கண்டுபிடித்து வந்து முட்டை வைக்கும். புழு கிளம்பினால் ஒரு வருஷத்து இலை கந்தலாகிவிடும். குருத்துக் காலத்தில் நானே காலையில் போய் நின்று, ஈரத்துணியால் துடைத்து, எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்வேன். வேறு யாரையும் விட்டதில்லை. நான் பார்த்த வருஷங்களில் ஒரு மட்டைகூட கிழிந்ததில்லை. இதை ஆச்சியே எல்லோரிடமும் சொல்வார். அதனால் நானும் சொல்லிக்கொள்கிறேன்.

ஹோட்டலுக்குப் புது மேனேஜர் வந்தார். நல்ல பிள்ளைதான், சுறுசுறுப்பானவர். இந்தப் பக்கத்து வீடுகளை அவர் ரொம்ப ரசித்தார். இங்கே எதுவும் ஒற்றையாக இருக்காது இல்லையா? வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு தூண் என்றால் அந்தப் பக்கமும் ஒரு தூண். இந்தப் பக்கம் ஒரு அறை என்றால் அந்தப் பக்கமும் ஒரு அறை. அந்தக் கண்ணோடு முற்றத்தைப் பார்த்தவருக்கு ஒரு குறை தென்பட்டது.

"அண்ணே, வீடே ஜோடி ஜோடியா இருக்கு. இது மட்டும் ஒத்தையா நிக்குது. போட்டோ எடுத்தா ஒரு பக்கம் மொட்டையா விழுகுது" என்றார்.

எங்கேயோ வெளியூர் நர்சரியில் சொல்லி, ஏறக்குறைய அதே உயரத்தில் ஒரு சைக்கஸைத் தொட்டியோடு லாரியில் இறக்கிவிட்டார். நான் போனபோது அது முன்வாசலில் நின்றது. மூன்று மாதமாவது கொல்லையில் தனியாக வைக்க வேண்டும், புதுச் செடிக்கு நான் தீட்டுக் காப்பது வழக்கம் என்றேன். இந்த விதியை நான் யாரிடமும் படிக்கவில்லை, என் கைச்செடிகளைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டது. அவர் மறுத்துப் பேசவில்லை. நீங்க சொல்றது சரிதான், ஆனால் வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக்காரர்கள் கல்யாணம் ஒன்று இருக்கிறது, அதுவரை முற்றத்தில் பழைய செடிக்கு ஜோடியாக நிற்கட்டும், அப்புறம் கொல்லைக்குக் கொண்டுபோய்விடலாம் என்றார். கல்யாணம் முடிந்தது. தொட்டியைத் தூக்க ஆள் கிடைக்கவில்லை. அடுத்த கல்யாணம் வந்தது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவரும் சரி சரி என்றுகொண்டே இருந்தார்.

ஆடி மாதத்தில் புதுச் செடியின் மட்டைகளில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை. இலையின் அடிப்பக்கம் இன்னும் கெட்டியாக. வெள்ளைச் செதில் பூச்சி. மேனேஜர் பயந்துபோய், என்னிடம் சொல்லாமலே கடையில் மருந்து வாங்கி மறுபடி மறுபடி அடித்திருக்கிறார். வெள்ளை போகவில்லை. நான் அந்தச் செடியை வேரோடு எடுத்து எரிக்கச் சொன்னேன், எரித்தோம். அப்புறம்தான் பழைய செடியின் அடிமட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். செதில் பூச்சி செத்த பிறகும் ஓடு இலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணால் பார்த்து உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. நகத்தால் கீற வேண்டும். காய்ந்த தூளாக உதிர்ந்தால் செத்தது. ஆரஞ்சு நிறத்தில் நகத்தில் ஒட்டினால் உயிரோடு இருக்கிறது. நான் கீறிப் பார்த்த இடமெல்லாம் நகம் ஆரஞ்சானது. மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன், வேரிலும் இருந்தது.

எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டதில்லை. வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் காரைக்குடியில் இருந்தார். என் தொழிலில் பாதியை அவரிடம் கேட்டுத்தான் கற்றேன். தன் பெயரை எங்கேயும் சொல்லக் கூடாது என்பார், அதனால் சொல்லவில்லை. போனில் விவரம் கேட்டார்.

"மட்டை ஒண்ணு விடாம வெட்டணும் கருப்பையா. தண்டைத் தேச்சுக் கழுவணும், வேருக்கும் பாக்கணும். மட்டைய வச்சுக்கிட்டு வைத்தியம் பாக்கலாம்னு நெனச்சா மழைக்காலத்துக்குள்ள போயிரும்."

"எல்லாத்தையும் வெட்டுனா பொழைக்குமா?"

"பொழைக்கலாம். அடுத்த குருத்து வந்தாத்தான் தெரியும்."

அடுத்த குருத்து என்றால் சித்திரை. அதுவரை மொட்டைத் தண்டு. வழக்கமாக நான் தயங்குகிற ஆள் இல்லை, கத்தியை எடுத்திருப்பேன். ஆனால் அந்த ஆனியில்தான் ஆச்சியை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்துத் திரும்பக் கூட்டிவந்திருந்தார்கள். கட்டிலை அறை வாசலுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். படுத்தபடி பார்த்தால் சைக்கஸ் தெரியும். அதற்காகவே அப்படிப் போட்டது.

ஆச்சியின் மகள் சென்னையிலிருந்து வந்திருந்தார். நான் அவரைச் சின்ன ஆச்சி என்பேன். விஷயத்தைச் சொன்னதும் என்னை முன்கட்டுப் பக்கம் கூட்டிப்போனார்.

"டாக்டர் கைய விரிச்சிட்டாருண்ணே. அம்மா தீபாவளியப் பாத்தாலே பெருசுங்கறாரு. அவுக இருக்கமட்டும் அது பச்சையா நிக்கட்டும். வெள்ளையத் துடைச்சு விட முடியாதா?"

"துடைக்கலாம் சின்ன ஆச்சி. பாக்கப் பச்சையாத்தான் இருக்கும். உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு வரும்."

"வந்தா வரட்டும். பெறகு நீங்க வேரோட பிடுங்குனாலும் நான் கேக்க மாட்டேன். அவுக கண்ணு முன்னாடி மட்டும் வெட்டாதீக."

மேனேஜர், உங்கள் இஷ்டம் அண்ணே என்று ஒதுங்கிக்கொண்டார். ஆக இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். புத்தகத்தில் இல்லாத இடம் இதுதான் பிள்ளைகளே. துடைத்து விடுவது பாவம் இல்லை. ஒரு மகள் கேட்கிறாள், தாய்க்காகக் கேட்கிறாள். ஆனால் நான் வேறு ஒன்றை யோசித்தேன். டாக்டர் சொன்ன கணக்குத் தப்பினால்? ஆச்சி பொங்கல் வரை இருந்து, செடி ஐப்பசியிலேயே மஞ்சளாகி, நடுக்குருத்து அழுகி, அவர் கண் முன்னால் செத்தால்? அந்த மகன் இரண்டாம் தடவை சாகிறதை அவர் பார்க்க வேண்டுமா?

மறுநாள் காலையில் நேராக ஆச்சியிடம் போனேன். சின்ன ஆச்சிக்கு அதில் கோபம் உண்டு, இன்றைக்கும் உண்டு. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஆச்சி நான் சொல்வதைக் கேட்டபடி செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டுனா வந்துரும்ங்கிறியா?"

"வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன் ஆச்சி. வெட்டலைன்னா வராதுன்னு சத்தியம் பண்ணுவேன்."

"குருத்து எப்ப?"

"சித்திரையில."

அவர் விரல்களை மடக்கி எண்ணவில்லை. அவருக்குக் கணக்குத் தெரியும். அது வட்டிக் கணக்குப் பார்த்த குடும்பம். நான் எதிர்பார்க்காததைச் சொன்னார்.

"என்னைய ஏன்யா கேக்க வந்த? வெட்டுன்னு எம் வாயால சொல்லச் சொல்றியா? எம் பிள்ளைய ஏற்கெனவே ஒருக்கா நாந்தான் எரிக்கச் சொல்லி அனுப்புனேன். ஆம்பளைக அழுதுக்கிட்டு நின்னாக, நேரமாச்சு தூக்குங்கன்னு நாந்தான் சொன்னேன். இன்னொரு தடவ என்னால ஆகாது. ஒனக்கு எது சரின்னு படுதோ செய்யி. செஞ்சது நீயா இருக்கட்டும்."

கட்டிலைத் திருப்பிப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

அன்றைக்கே வெட்டினேன். ஆட்களை அனுப்பிவிட்டு, நான் ஒருவனாகவே வெட்டினேன். வயது என்னவென்று கேட்காதீர்கள். என் தோள் அன்றைக்குப் போனதுதான், இன்னும் சரியாகவில்லை. ஒவ்வொரு மட்டையையும் வெட்டியதும் கோணிக்குள் போட்டுக் கட்டினேன். இழுத்துக்கொண்டு போனால் வழியெல்லாம் பூச்சி உதிரும். ஆச்சி கண்ணை மூடவில்லை. கடைசி மட்டை வந்ததும் முற்றம் திடீரென்று பெரிதாகிவிட்டது. எதிர்ச்சுவரில், இத்தனை வருஷம் மட்டைகள் உரசி உரசித் தேய்ந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு வாரா வாரம் போனேன். பழைய பல் துலக்கும் பிரஷை வைத்துத் தண்டின் ஒவ்வொரு இடுக்கையும் தேய்த்தேன். மருந்து வேலையை உங்களுக்குத் தனியாகச் சொல்லித் தருவார்கள். நான் வேலை செய்வதை ஆச்சி கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். முடித்துக் கை கழுவியதும் ஒரு வார்த்தை கேட்பார்.

"இருக்கா?"

தண்டின் உச்சியை விரலால் அழுத்திப் பார்ப்பேன். கல் மாதிரி கெட்டியாக இருக்கும். மெத்தென்று அமுங்கினால் முடிந்தது என்று அர்த்தம்.

"இருக்கு ஆச்சி" என்பேன்.

ஐப்பசியில் ஒருநாள் நான் அழுத்திப் பார்க்கும் முன்பே கேட்டார். கையை வைத்தேன், கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் அது அமுங்கியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக யோசித்தேன். பொய் சொல்லியிருக்க மாட்டேன் என்று உங்களிடம் பெருமையாகச் சொல்ல ஆசைதான். தெரியவில்லை.

டாக்டர் கணக்குத் தப்பியது. ஆச்சி தீபாவளியைப் பார்த்தார், கார்த்திகையைப் பார்த்தார். மார்கழியில் போய்விட்டார். நான் நினைத்த மாதிரி பொங்கல் வரை இல்லை. சின்ன ஆச்சி பயந்த மாதிரி ஐப்பசிக்கு முன்னாலும் இல்லை. இதை நான் உங்களிடம் மறைக்கப்போவதில்லை. மட்டைகளை விட்டு வைத்திருந்தால், மார்கழி வரை பாதிப் பச்சையாவது நின்றிருக்கலாம். ஆச்சி பச்சையைப் பார்த்துக்கொண்டே போயிருக்கலாம். செடி அதற்கப்புறம் செத்திருக்கும். அது அவருக்குத் தெரிந்திருக்காது. சின்ன ஆச்சி இழவு வீட்டில் என்னிடம் இதைத்தான் சொன்னார், கத்தவில்லை.

"மொட்டைக் கட்டையப் பாத்துக்கிட்டே போனாகண்ணே எங்கம்மா."

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பந்தலுக்குக் கால் ஊன்றுகிறவர்களோடு போய் நின்றேன்.

சித்திரையில் குருத்து வந்தது. உச்சியில் முதலில் பஞ்சு மாதிரி வீங்கியது, பிறகு அத்தனையும் சுருட்டிக்கொண்டு மேலே நின்றன. அதற்குள் கம்பெனியை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டேன். ஆனாலும் நான்தான் போனேன். ஊதா வண்ணத்துப்பூச்சி சரியாக வந்தது, எத்தனை வந்தாலும் விரட்டினேன். ஒரு இலை கிழியவில்லை. பின்கட்டு பூட்டியிருந்தது. பழைய கட்டில் உள்ளே எங்குட்டு இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. நான் முற்றத்தில் உட்கார்ந்து, யாரிடம் சொல்வது என்று யோசித்துவிட்டு, சென்னைக்குப் போன் போட்டேன்.

குருத்து வந்திருச்சு சின்ன ஆச்சி என்றேன்.

"போட்டோ அனுப்பாதீகண்ணே" என்றார். "நான் வந்து பாத்துக்கிறேன்."

இன்னும் வரவில்லை.

புதுப் பிள்ளைகள் இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மருமகன் கேட்பார். புதுச் செடியை உடனே பழைய செடிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், எந்த முதலாளி சொன்னாலும். கீறிப் பார்க்காமல் மருந்து அடிக்காதீர்கள். இந்த இரண்டையும் ஒரு வாரத்தில் கற்றுவிடுவீர்கள். மூன்றாவதற்கு வருஷம் ஆகும். செடிக்குச் சொந்தக்காரரிடம் உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் தீர்ப்பை அவர் தலையில் வைத்துவிட்டு வராதீர்கள். பூச்சி பார்க்கக் கூப்பிட்டது உங்களை. முடிவு உங்களுடையது. அது சரியாகவே இருந்தாலும் யாராவது ஒருவர் உங்களை மன்னிக்கமாட்டார். அதையும் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

போன மாதம் அந்த ஹோட்டலுக்குப் போனேன். சைக்கஸுக்கு முன்னால் பளபளவென்று ஒரு பித்தளைப் பலகை வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷில் இருந்ததால் மேனேஜரை வாசித்துச் சொல்லச் சொன்னேன். கொடிய பூச்சித் தாக்குதலிலிருந்து எங்கள் தோட்டக் குழுவினரின் பராமரிப்பால் மீண்ட செடி என்று இருந்தது. தோட்டக் குழு என்று அங்கே ஒருவரும் கிடையாது. தண்ணீர் விடுகிற ஒரு அம்மாவும் நம் கம்பெனி ஆட்களும்தான். விடுங்க மாமா, நமக்கு ஒப்பந்தம் ஓடுகிறதே, அது போதும் என்கிறார் மருமகன்.

விடமாட்டேன். பலகையை மாற்றச் சொல்லியிருக்கிறேன். இந்தச் செடியை நட்டவர் இன்னார், வளர்த்தவர் அவருடைய தாயார் இன்னார் என்று முதலில் வர வேண்டும். அதற்குக் கீழே என் பெயர். காப்பாற்றியவர் என்று போடட்டும், அது உண்மை, அந்த வார்த்தை எனக்கு வேண்டும். ஆனால் அதற்கு முன்னால், அந்தத் தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இதன் மட்டைகளை ஒன்று விடாமல் வெட்டியவர் என்று போட வேண்டும். காப்பாற்றியதைக் குழுவின் பெயரில் எழுதினால் வெட்டியதும் குழு என்றாகிவிடும். அன்றைக்கு முற்றத்தில் குழு எதுவும் இல்லை. நான் ஒருவன்தான் நின்றேன். ஆச்சி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களில் யார் இனி அங்கே வேலைக்குப் போனாலும், மேனேஜரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி பலகையை எப்போது மாற்றுகிறீர்கள் என்பதுதான். மாற்றுகிறவரை கேளுங்கள்.